தளம் தாங்காது

மொட்டை மாடியில் சுத்தியல் சத்தம் கேட்கும்போதெல்லாம் மகன் அண்ணாந்து பார்த்தான். மேஸ்திரி தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே அப்பா ஏணியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.

"அந்த மூலையையும் விடாதீங்க மேஸ்திரி!" என்று குரல் வேறு கொடுத்தார்.

தளம் கல்லு மாதிரி இருக்கிறது என்று மகனுக்குத் தெரியும். அப்பா ராப்பகலாகக் கூட நின்று போட்ட தளம். 'என் பேரன் காலத்துக்கும் ஒரு சொட்டு ஒழுகாது' என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அதைப்போய் 'தாங்காது' என்று சொல்லும்படி, முந்தாநாள் மேஸ்திரியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருந்தான்.

வேறு வழி? மூன்று வருடத்துக்கு முன்பு, மகன் வீட்டில் டிவி சத்தத்துக்காக வந்த சண்டையில், "செத்தாலும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று இந்த வீட்டுக்குத் தனியாகக் கிளம்பி வந்தவர் அப்பா. அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, காலையில் பால்காரர் வந்து தூக்கும்வரை அப்படியே கிடந்தார். அப்போதும் வர மறுத்துவிட்டார்.

கூடத்துச் சுவரில் ஆணி மட்டும் தெரிந்தது.

"அம்மா படம் எங்கப்பா?"

"தூசியா இருந்துச்சு. துடைக்க எடுத்தேன்" என்றார் அப்பா, திரும்பிப் பார்க்காமல்.

மேஸ்திரி இறங்கி வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "மன்னிச்சுக்குங்க ஐயா. உள்ள கம்பியெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு. இந்த மழைக்குத் தளம் தாங்காது."

அப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்று மகன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். அவரோ தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப இனிமே இங்க இருக்க முடியாதுன்றீங்க?"

"நம்ம வீட்டுக்கு வந்துடுங்கப்பா" என்றான் மகன்.

"வேற போக்கிடம் ஏது? பெட்டியை எடுத்துட்டு வரேன்."

அவர் தளர்ந்து உள்ளே போவதைப் பார்த்து மகனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு மனிதரின் ஆயுள் பெருமையை ஒரே பொய்யில் இடித்துவிட்டோமே! மேஸ்திரியை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"பெரிய பாவம் பண்ணிட்டேண்ணே. அவர் முகத்துல முழிக்கவே வெக்கமா இருக்கு. வர்றாரோ வரலையோ, உள்ள போய் உண்மையைச் சொல்லிடறேன்."

மேஸ்திரி அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேணாம் தம்பி. காலையில வழி கேட்டு ஐயாவுக்குப் போன் பண்ணினேன். தானா வர்றேன்னு சொல்ல வெக்கமா இருக்காம். தளம் தாங்காதுன்னு உங்ககிட்ட அவரும்தான் சொல்லச் சொன்னாரு."