மூக்கு திறந்த பிறகு

மானுடத்தின் நெடுங்காலத் தளை இன்று அறுந்தது என்று தொலைக்காட்சியில் கொட்டு முழக்காத குறையாக அறிவித்தார்கள். விஷயம் மூக்கடைப்புதான். ஒரு சொட்டு விட்டால் ஆயுசுக்கும் அடைக்காத மருந்து, டாக்டர் சீட்டில்லாமலே வாங்கும்படி கடைகளுக்கு வந்திருந்தது.

ஈரோட்டு ஈஸ்வரமூர்த்திக்குப் பிறந்ததிலிருந்தே மூக்கடைப்பு. அவர் மனைவி வளர்மதி போன தையில் இறந்துபோனாள். இப்போது எல்லா வீடுகளிலும் இறந்தவர்களுக்குச் செய்வதைப்போல, அவள் குரலும் நினைவும் கூடத்துப் பேசும் பெட்டியில் இருந்தன. வாய் மட்டும் குறையவில்லை.

"ஏனுங்க, மூக்கப் பாருங்கன்னு எத்தன வருசமாச் சொல்றனுங்க! இந்தப் புது மருந்தயாச்சும் வாங்கி விட்டுக்கங்க, புண்ணியமாப் போகும்."

உயிரோடு இருந்தபோது கேட்காத பேச்சை இப்போதாவது கேட்போமென்று அவர் வாங்கி விட்டுக்கொண்டார். மூக்கு திறந்தது. புது மாப்பிள்ளை மாதிரி பெட்டியின் முன்னால் வந்து நின்றார்.

"வளரு, மூக்கு விட்ருச்சு புள்ள!"

பெட்டியின் குரல் மாறியது.

"யாருங்க நீங்க? வீட்டுக்காரர் மருந்துக்கடைக்குப் போயிருக்காருங்க. வந்தாச் சொல்றனுங்க."

"நாந்தான் வளரு!"

"அவரு பேச்சு எனக்குத் தெரியாதுங்களா? மூக்கடச்சுத்தானுங்க பேசுவாரு. நீங்க அப்புறமா வாங்க."

பெட்டி செய்த நிறுவனத்துக்குப் போன் போட்டார். வீட்டம்மா அந்நியரிடம் பேச்சை வளர்க்காதது தங்கள் தயாரிப்பின் தரத்துக்குச் சான்று என்று அவரையே வாழ்த்தினார்கள்.

"இன்னும் வரக்காணமே" என்று பெட்டி சாயங்காலம்வரை புலம்பியது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் ஈஸ்வரமூர்த்தி துணி காயப்போடும் கிளிப்பை மூக்கில் மாட்டிக்கொண்டுதான் மனைவியோடு பேசுகிறார்.