பதினைந்து செக்கன்

பள்ளி உடற்பயிற்சி மண்டபத்தில் பீப் என்றது ஒலிபெருக்கி. தாட்சாயினி கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள்.

இருபது மீட்டர் அந்தப் பக்கம், இருபது மீட்டர் இந்தப் பக்கம். அடுத்த பீப்புக்கு முன் கோட்டைத் தொட வேண்டும். நிமிடத்துக்கு ஒரு நிலை ஏறும், பீப் அவசரப்படும். இரண்டு தடவை பிந்தினால் ஓட்டத்தை விட்டு வாங்கிலில் போய்க் குந்தலாம்.

வாங்கிலில் இருப்பதற்கு அவளிடம் இதைவிட நல்ல காரணம் இருந்தது. இதய டாக்டர் கொடுத்த கடிதம். வால்வில் பழுது, ஒப்பரேஷன் முடியும்வரை ஓடக் கூடாது என்று பிரெஞ்சில் நாலே வரி.

அந்தக் கடிதம் வில்லரேயில், அவர்கள் வீட்டுச் சமையலறை லாச்சிக்குள், சுப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள்களுக்கு அடியில் கிடந்தது. ஒளித்து வைத்தது அம்மா.

எல்லாம் டினோஜனால் வந்தது. அக்கா நிரோஜாவுக்குப் பேசி முடித்திருக்கும், புரோசார்ட் பக்கத்து மாப்பிள்ளையின் சித்தி மகன் அவன்; மாப்பிள்ளையின் தாய் அவனுக்குப் பெரியம்மா. மாண்ட்ரியலில் இத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்க, இவளுடைய வகுப்பில்தான் வந்து வாய்த்தான். தங்கைக்கு இதயத்தில் பழுது என்றால் அக்காவுக்கும் இருக்கும், நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் இருக்கும் என்று அந்த வீட்டில் கதை வரும். பதிவுத் திருமணத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான்.

காலையில் அவள் சப்பாத்து நாடாவைக் கட்டும்போது அம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"கலியாண எழுத்து முடியுமட்டும் பல்லைக் கடிச்சுக்கொண்டு ஓடு பிள்ளை. அவன்ர கண்ணுக்கு முன்னால களைச்சுப் போய் இருந்திடாதை. கொக்கா நிரோஜாவின்ர வாழ்க்கை."

தன்னுடைய வாழ்க்கையைப் பற்றியும் ஒரு சொல் வரும் என்று தாட்சாயினி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பீப்.

ஐந்தாம் நிலை. பெண்களில் பாதிப் பேர் கழன்றுவிட்டார்கள். உடற்கல்வி ஆசிரியர் வின்சன்ட் கையைத் தட்டி "அலே, அலே!" என்று உற்சாகமாகக் கத்தினார். நல்ல மனுஷன். கடிதத்தைக் கண்டிருந்தால் பதறிப்போய்த் தானே கதிரை கொண்டுவந்து போட்டிருப்பார்.

ஆறாம் நிலையில் நெஞ்சுக்குள் ஏதோ தடுக்கி விழுந்து எழும்பியது. சுவரோரம் நின்று டினோஜன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சிரித்தாள். சிரித்தபடி இன்னும் நாலு தரம் ஓடினாள். அதற்கு மேல் முடியாமல் தரையில் குந்திவிட்டாள்.

ஆனால் உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான். போன கிழமை முழுக்க வின்சன்ட் இதைத்தான் படிப்பித்தார். ஓடும்போது எல்லா இதயமும் பறக்கும். ஓடி முடித்த ஒரு நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பதில்தான் இதயத்தின் குணம் தெரியும். அதற்குப் பெயர் மீட்சித் துடிப்பு. ஓடியவரின் மணிக்கட்டைச் சோடியாள் பிடித்துப் பதினைந்து செக்கன் எண்ண வேண்டும், ஒரு நிமிடம் கழித்து இன்னொரு தரம் எண்ண வேண்டும்.

அவளுடைய வழக்கமான சோடி மெலனி என்றால் சொன்னதை எழுதித் தருவாள். இன்று மெலனி வருவதற்கு முன்பே டினோஜன் வந்து பக்கத்தில் குந்தினான். மூன்று வருடத்தில் அவளோடு மூன்று சொல் பேசாதவன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான்.

முதல் தரம் நாற்பத்தெட்டு. எழுதினான்.

ஒரு நிமிடம் கழித்து மறுபடி பிடித்தான். அவனுடைய உதடுகள் எண்ணின, நின்றன, மறுபடி எண்ணின. இறங்கவில்லை என்று அவளுக்கே தெரிந்தது. அவன் நிமிர்ந்து அவளுடைய முகத்தைப் பார்த்தான்.

"எழுதாதை, டினோஜன்."

ஒருவரிடமும் எதையும் இரந்து கேட்காதவள் கேட்டாள்.

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். "ஒண்டுக்கும் யோசியாதை" என்றான். தாளில் முப்பத்தாறு என்று போட்டான்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இவனுக்குப் பயந்தா இவ்வளவு நாளும் செத்தோம்? அந்த வீட்டில் ஈரமுள்ள ஒரு ஆளாவது இருக்கிறான், அக்கா அங்கே நன்றாக இருப்பாள் என்று நினைத்தாள்.

வின்சன்ட் தாளை வாங்கிப் பார்த்து விசிலடித்தார். நாற்பத்தெட்டிலிருந்து முப்பத்தாறு! வகுப்பிலேயே இதுதான் முதல். வியாழக்கிழமை பள்ளிகளுக்கிடையிலான ஓட்டத்துக்கு அவளுடைய பெயரை எழுதிக்கொண்டார். எப்படி மறுப்பது என்று தெரியாமல் அவள் தலையாட்டினாள்.

அதுதான் கடைசிப் பாடம். பள்ளிக்கூடத்துக்குள் போனை எடுக்க முடியாது என்பதால் மணியடித்ததும் எல்லாரும் வாசலுக்கு வெளியே பனியில் நின்று போனைத் தடவினார்கள். தாட்சாயினி டினோஜனைத் தேடினாள். ஒரு நன்றியாவது சொல்ல வேண்டும்.

பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தான். வகுப்பில் இரண்டு சொல்லோடு நிறுத்தியவன் இப்போது தமிழில் சரளமாகப் பேசினான்.

"ஓம் பெரியம்மா, நீங்கள் சொன்ன மாதிரிக் கையைப் பிடிச்சுப் பாத்தனான். ஆஸ்பத்திரியில அவளைக் கண்ட ஆக்கள் சொன்னது சரிதான். நாடி ரெண்டு தட்டுது, ஒண்டு நிக்குது. அவளுக்குச் சந்தேகம் வரேல்லை, நல்ல நம்பராப் போட்டுக் குடுத்திட்டன்."

அவளுடைய போன் அதிர்ந்தது. அம்மா அனுப்பியிருந்தாள்: ஓடினனியோ? அவன் பாத்தவனோ?

விரல்கள் விறைத்திருந்தன. எழுத்துகளைத் தேடித் தேடி அழுத்தினாள்.

ஓம் அம்மா. பாத்தவன்.