பதினாலாம் நம்பர்

"ரெண்டும் ஒரே ஆள்தான் மேடம். சேர்த்து விடுங்க" என்றார் மேலாளர், அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் பழைய முகவரி. வலப்பக்கம் புதிய முகவரி. நடுவில் இரண்டு பொத்தான்கள்: ஒரே ஆள், வேறு ஆள்.

கடன் வாங்கியவர்கள் வீடு மாறும்போது பழைய வீட்டையும் புது வீட்டையும் ஒரே ஆளின் பெயரில் இணைத்து வைப்பதுதான், யார் எவ்வளவு கடன் வாங்கிக் கட்டினார்கள் என்று கணக்கு வைத்துக் கடைகளுக்குச் சொல்லும் அந்த அலுவலகத்தில், அவள் பிரிவின் வேலை. பெரும்பாலும் கணினியே இணைத்துவிடும். கணினிக்குச் சந்தேகம் வந்தால் அவளிடம் அனுப்பும். அவளுக்குச் சந்தேகம் வந்தால் மேலாளரிடம் கேட்பாள். மேலாளருக்குச் சந்தேகமே வராது. அவள் மகனைவிடச் சின்னவர். அந்த வயதில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

இரண்டு பதிவிலும் பெண்ணின் பெயர் ஒன்று. பிறந்த தேதி ஒன்று. ஊர் மட்டும் வேறு; ஓர் இரவு முழுக்கப் பஸ்ஸில் போகிற தூரம்.

புது ஊரில் அந்தப் பெண் தவணையில் ஒரு ஃபிரிட்ஜ் கேட்டிருந்தாள். இருப்பதிலேயே சின்னது. ஒரு ஆளுக்குப் போதும்.

இதற்கு முன் எங்கே இருந்தீர்கள் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் கடையில் விண்ணப்பத்தைக் கையால்கூடத் தொடமாட்டார்கள். அதனால் நிரப்பியிருந்தாள். தெருவின் பெயர் சரி. வீட்டு எண் பதினாலு.

பழைய பதிவிலும் அதே தெரு. வீட்டு எண் நாற்பத்தொன்று.

"அவசரத்துல நம்பரை மாத்திப் போட்டிருக்காங்க. இதுகூடவா தெரியல?"

அவசரமாம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

மேலாளருக்குத் தலைவலி வேறு பக்கம். அந்தப் பெண்ணின் கணவன். பழைய கடனில் அவனும் கூட்டாகக் கையெழுத்துப் போட்டவன். பதிவுகளைச் சேர்த்துவிட்டால் அவனுக்குப் போகும் அறிக்கையில் அவளுடைய புது முகவரியும் வந்து விழும். அதற்காகத்தான் தினமும் போன் போட்டு அலுவலகத்தின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான்.

"புருஷன்தானே கேக்கிறான் மேடம்? கொலைகாரனா?"

"புருஷன்கிட்ட சொல்லாம போயிருக்கான்னா, அவனுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் சார் போயிருக்கா."

"அப்ப ஒரே ஆள்தான்னு ஒத்துக்கிறீங்க."

மாட்டிக்கொண்டாள். ஆனாலும் விடவில்லை.

"போனவளைப் பத்திச் சொன்னேன். ஃபிரிட்ஜ் கேக்கிறவ வேற ஆள். நீங்க மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடச் சொல்றீங்க."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க. முதல்ல அந்தத் தெருவுல பதினாலாம் நம்பர்னு ஒரு வீடு இருக்கணுமே?"

"இருக்கு. பச்சை கேட். மாடியில வாடகைக்குப் பொண்ணுங்க வர்றதும் போறதுமா இருப்பாங்க."

மேலாளர் அவளை உற்றுப் பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் 'வேறு ஆள்' என்ற பொத்தானை அழுத்தினாள்.

காரணம் கேட்ட கட்டத்தில், வீட்டு எண் பொருந்தவில்லை என்று எழுதினாள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கீழே தன் பெயரைப் போட்டாள்.

மேலாளர் நினைத்தால் அதை மாற்றலாம். மாற்றினால் அவர் பெயரைப் போட வேண்டும். பெயர் போடுவது என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். "நாளைக்கு ஏதாவது வந்தா நீங்கதான் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

சொல்லிக்கொள்ளலாம்.

ஒழுங்காகத் தவணை கட்டிச் சேர்த்த நல்ல பெயர் இனி அந்தப் பெண்ணுக்கு உதவாது. அது நாற்பத்தொன்றாம் எண்ணோடு நின்றுவிடும். கடையில் முன்பணம் கூடுதலாகக் கேட்பார்கள். கேட்கட்டும். வெறுங்கையோடு போனவள் ஃபிரிட்ஜ் வரைக்கும் வந்துவிட்டாள். முன்பணத்துக்கா அசந்துபோவாள்?

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, பச்சை கேட்டைத் தாண்டி நடந்தாள். மாடிக் கொடியில் யாரோ ஒரு பெண்ணின் துணி காய்ந்துகொண்டிருந்தது. தெருக்கோடி வரை போய், நாற்பத்தொன்றாம் எண் வீட்டுக் கதவில் சாவியைப் போட்டாள்.

சொந்தக்காரர் பதிவு கைக்கு வந்தால் தொடாமல் எழுந்துவிட வேண்டும் என்பது அலுவலக விதி. எழுந்திருந்தால் பக்கத்து நாற்காலிக்காரன் சேர்த்துவிட்டிருப்பான். அவனுக்குத் தெரியாது, அவள் மருமகள் பால் கணக்கில்கூட ஓர் எண்ணை மாற்றிப் போட்டவள் இல்லை என்று.

உள்ளே படுக்கையறைக் கதவு தாழ்ப்பாள் பெயர்ந்தபடியே நின்றது. உள்ளே தாழிட்டுக்கொண்டு அந்தப் பெண் அழுதபோது, வெளியிலிருந்து உதைத்துப் பெயர்த்தது. தச்சரைக் கூப்பிட வேண்டாம் என்று அவள்தான் சொல்லிவிட்டாள். உதைத்தவன் தினமும் பார்க்கட்டும்.

சோபாவில் படுத்திருந்த மகன் தலையைத் தூக்கினான்.

"என்னம்மா, உங்க ஆபீஸ்ல இன்னும் அவ அட்ரஸ் கிடைக்கலையா?"

அவள் செருப்பைக் கழற்றினாள். பையை ஆணியில் மாட்டினாள். பிறகு அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"நான் அந்த நாற்காலியில இருக்கிற வரைக்கும் கிடைக்காதுடா."