காதில் விழவில்லை

“இன்னைக்கு அவரு வாயாலயே சொல்ல வைக்கலன்னா என் பேரு ரெமெதியோஸ் இல்ல!”

ஒப்பனை அறைக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு உள்ளே போனாள் அவள். வாசலில் நின்ற இயக்குநர் பால்தசார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்று சீசனின் கடைசிக் காட்சி. அதைப் பார்க்கவென்றே சேனல் முதலாளி மனைவியோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

கண்ணாடி முன் எவாரிஸ்தோ இருந்தார். மெக்சிகோவே கொண்டாடும் துப்பறியும் இன்ஸ்பெக்டர் பிராச்சோ அவர்தான். ஒருவன் காப்பிக் கோப்பையைக் கீழே வைக்கும் விதத்திலேயே அவன் பொய்யைப் பிடித்துவிடுவார் பிராச்சோ. யார் செத்தாலும் கண் கலங்கமாட்டார். இந்த சீசனில் அவருக்கு இதயம் முளைக்கிறது என்று ஊரெல்லாம் விளம்பரப் பலகை வைத்திருந்தார்கள்.

“வசனத்தைப் பாத்தியா?” என்று தாள்களை ஆட்டினார் எவாரிஸ்தோ. “மகள்கிட்ட பிராச்சோ மன்னிப்பு கேக்கறானாம். துப்பறியறவனுக்கு மூளை போதும்டி. இதயத்தை வெச்சுக்கிட்டு சூப்பா வெக்கறது?”

“பிராச்சோ கெடக்கான். நீங்க சொல்லுங்கப்பா. நாளைக்கு நான் திஹுவானாவுக்குப் போறேன், திரும்பி வரமாட்டேன். போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு. அன்னைக்கு நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா, இல்லையா?”

பெற்ற மகள்தான். ஆனால் பல வருடமாக அவருக்கு வசனம் எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். இங்கே தொடர் எடுக்கிற வேகத்துக்கு மனப்பாடம் செய்து கட்டுப்படியாகாது. நடிகரின் காதுக்குள் பயறு அளவு ஒரு கருவி இருக்கும். கண்ணாடி அறையிலிருந்து அவள் மைக்கில் சொல்லச் சொல்ல, இவர் அதையே திருப்பிச் சொல்வார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு டேக்கின் நடுவில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பிராச்சோ ஒரு பிணத்தைப் பார்த்தபடி பேசாமல் நிற்கும் காட்சி. அவள் மைக்கில் அழுதுகொண்டே சொன்னது வசனம் இல்லை. “அப்பா, அம்மா போயிட்டாங்க.”

எவாரிஸ்தோவின் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. காட்சியை முடித்தார், அந்த நடிப்புக்கு விருதும் வாங்கினார். கருவி கரகரத்தது, காதில் விழவில்லை என்று அன்று சொன்னவர் இன்றுவரை அதையே சொல்கிறார். ஊரார் பொய்யையெல்லாம் பிடிக்கிறவர் தன் பொய்யை மட்டும் பொத்திப் பொத்தி வளர்க்கிறார் என்பது ரெமெதியோஸின் கட்சி.

“எத்தனை தடவடி சொல்றது? விழல! விழல! விழல!”

“பொய்!”

கோபம் வந்தால் எவாரிஸ்தோவுக்கு வாயைவிடக் கை முந்தும். எழுந்து, மேசைமேல் இருந்ததையெல்லாம் ஒரே வீச்சில் வழித்துத் தள்ளினார். சீப்பு, பவுடர் டப்பா, வசனத் தாள், இன்னும் என்னென்னவோ தரையில் சிதறின. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து பொறுக்கினாள்.

“ஷாட் ரெடி! ரெண்டு பேரும் என் உயிரை வாங்காம கெளம்புங்க!” என்று கத்திவிட்டு பால்தசார் அரங்கத்துக்கு ஓடினார்.

பிராச்சோவின் மகளாக நடிக்கும் பெண் எதிரே தயாராக நின்றாள். பேச வேண்டியது ஒரே வரிதான். ‘வேலை அதிகம்மா, மன்னிச்சிடு.’ கேமரா ஓடியது. எவாரிஸ்தோ வாயைத் திறக்கவில்லை.

பால்தசார் பதறிப்போய்க் கண்ணாடி அறையைப் பார்த்தார். கள்ளி, மைக்குக்கு முன்னால் வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“விழுந்துச்சும்மா,” என்றார் எவாரிஸ்தோ. குரல் பிராச்சோவின் குரலாக இல்லை. “நல்லாவே விழுந்துச்சு. எதுவும் கரகரக்கல. அம்மா போயிட்டாங்கன்னு நீ சொன்னதும், மூஞ்சி அசைஞ்சா அங்கயே உடைஞ்சு போயிடுவேன்னு பயந்து நின்னேன். நின்னதுக்குக் கைதட்டினாங்க. கைதட்டு வாங்கினப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உங்கிட்ட உண்மைய சொல்றது?”

எதிரே நின்ற நடிகை நிஜமாகவே விசும்பினாள். சேனல் முதலாளியின் மனைவி கைக்குட்டையைத் தேடினாள்.

“கட்!” பால்தசார் கண்ணாடி அறைக்குள் பாய்ந்தார். முகம் மிளகாயாகச் சிவந்திருந்தது.

“என்ன திமிரு உனக்கு! பிராச்சோ பொண்டாட்டி எப்ப செத்தா? போன எபிசோடுலகூட உக்காந்து பொசோலே சூப் குடிச்சாளே! சொல்ல வைக்கறேன்னு கதவ உதைச்சப்பவே நான் சுதாரிச்சிருக்கணும். உங்க வீட்டுச் சண்டைய அந்த மனுஷன் காதுல ஓதி, கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்க வெச்சுட்டியே! பெத்த அப்பன்னுகூட பாக்கலையே நீ! இனிமே இந்த ஊர்ல எந்த செட்டுலயும் மைக்க தொட முடியாது, தெரிஞ்சுக்க!”

ரெமெதியோஸ் திரும்பினாள். கன்னம் நனைந்திருந்தது. இறுக மூடியிருந்த இன்னொரு கையை அவர் முன்னால் திறந்து காட்டினாள். உள்ளங்கையில் பயறு அளவில் அந்தக் கருவி இருந்தது.

“கீழ கெடந்தத எடுத்து நீட்டினேன் சார். ‘இன்னைக்கு வேணாம்’னு சொல்லிட்டுப் போயிட்டாரு.”