அச்சு அசல் பச்சை

பிப்ரவரி 12. சிறு தவறு: தட்டை நகர்த்தும்போது ஏழெட்டு ஏலக்காய் தண்ணீர் டம்ளரில் விழுந்துவிட்டன. டீச்சரிடம் சொல்லவில்லை.

நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுதிவிட்டு, மகாராணி மீண்டும் தூரிகையை எடுத்தாள். ஏலக்காய்களுக்கு முதல் பூச்சு முடிந்தது.

"என்ன தாயி, என் காயில சொறி விழுந்திருக்கு?"

பின்னால் ஜக்கையன் நின்றார். போடியில் ஏலக்காய் வியாபாரி. அவருடைய குடோன் மாடியில்தான் மாலை ஓவிய வகுப்பு, வாடகை இல்லாமல். தன் புதுப் பாக்கெட்டில் போட, ஒரு தட்டு ஏலக்காயைக் கொடுத்து வரையச் சொல்லியிருந்தார். படம் அவருக்குப் பிடித்தால்தான் வகுப்பு தொடரும்.

"சொறி இல்லைங்கய்யா, வெளிச்சம். நீர்வண்ணத்துல வெள்ளை பூச மாட்டோம். அந்த எடத்துல தாளை அப்படியே விட்ருவோம்."

"வெளிச்சத்த எவன் கிலோ போட்டு வாங்குவான்?"

அவரோடு சரக்குப் பார்க்க வந்திருந்த கொச்சி வியாபாரி சிரித்தார். தட்டிலிருந்து இரண்டு காய் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"பச்சை பத்தல," என்றார் ஜக்கையன்.

"ஒரு பூச்சு காஞ்சாத்தான் அடுத்த பூச்சுண்ணே," என்றார் கற்பகம் டீச்சர். "கொஞ்சம் பொறுங்க."

"நான் பொறுப்பேன். கீழ இவருக்காக நிக்கிற ஜீப்பு பொறுக்குமா? வெரசா பூசச் சொல்லுங்க."

மகாராணி நோட்டால் விசிறிக் காயவைத்து இரண்டாம் பூச்சு பூசினாள்.

"இன்னும்."

மூன்றாம் பூச்சு.

ஜக்கையன் தட்டையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தா, இதுதான் எஞ்சரக்கு. அச்சு அசல். டீச்சர், இன்னும் அஞ்சு வருசம் இங்கனயே நடத்துங்க."

"அசலாயிட்டுண்டு," என்று மலையாளத்தில் மெச்சினார் கொச்சிக்காரர், மென்றுகொண்டே.

"இது எந்தக் கம்பெனி பச்சை தாயி? பாக்கெட் அச்சடிக்கிறவன்கிட்டச் சொல்லணும்."

மகாராணி தயங்கித் தயங்கி வண்ணப்பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். பச்சை இருக்க வேண்டிய குழி துடைத்தாற்போல் காலியாக இருந்தது.

"மன்னிக்கணுங்கய்யா. பச்சை போன வாரமே தீந்துருச்சு. உங்க காய் விழுந்து பச்சையான டம்ளர் தண்ணியத் தொட்டுத்தான் மூணு பூச்சும் பூசினேன்."

கொச்சிக்காரர் வாயிலிருந்ததை வெள்ளைக் கைக்குட்டையில் துப்பினார். கைக்குட்டையும் அதே பச்சைக்கு மாறியது.

அன்றிரவு மகாராணி நோட்டில் எழுதினாள்: நாளை, வகுப்புக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். பச்சையும் வாங்க வேண்டும்.