பழசை விடாத அக்கா

"அக்கா, இன்னைக்கும் உங்களாலதான் வேலை நின்னு போச்சு."

கியெட் சத்தமாகவே சொன்னான். அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லோவான் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

தா நாங் நகரில், ஜப்பான் கம்பெனிகளுக்குப் புரோகிராம் எழுதித் தரும் சின்ன அலுவலகம் அது. ஆறு பேர் குழுவுக்குக் கியெட் தலைவன். லோவானைவிடப் பதினைந்து வயது சின்னவன். வெள்ளிக்கிழமை வேலையை ஒப்படைத்தாக வேண்டும்.

புரோகிராம் எழுதுகிற மென்பொருளுக்குப் புது வெர்ஷன் வந்து நாலு மாசம் ஆகிறது. எல்லோரும் மாறிவிட்டார்கள். லோவானும், அவளோடு ஒரே பகுதியை எழுதும் வின்னும்தான் பாக்கி. அவர்கள் பழசில் எழுதியதைப் புதுசோடு சேர்த்தால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழைகள். ஒவ்வொரு தடவையும் கியெட்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபண்ண வேண்டியிருந்தது.

"பழசு கைக்குப் பழகிடுச்சு தம்பி," என்றாள் லோவான்.

"போன வாரம் நெட் ஸ்லோன்னீங்க. அதுக்கு முந்தி மெஷின் தாங்காதுன்னீங்க."

"அதுவுந்தான்."

"அக்கா இன்னும் பைக்கையே உதைச்சுத்தானே ஸ்டார்ட் பண்றாங்க!" ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். லோவானும் சேர்ந்து சிரித்தாள்.

கியெட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. "வின் அண்ணே, நீங்களாவது மாறலாமே?"

"நானும் அக்காவும் ஒரே பகுதி இல்லியாப்பா? அவங்க மாறட்டும், நானும் மாறிடறேன்."

ஆக, எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை இந்த ஒருத்திதான் என்று கியெட் முடிவு கட்டினான்.

மதியம் சாப்பிட்டு வந்ததும் வழக்கம்போல் குட்டித் தூக்கத்துக்காக விளக்கை அணைத்தார்கள். மேசைகளுக்கு நடுவே பாய்களும் மடக்குக் கட்டில்களும் விரிந்தன. குறட்டை கிளம்பியதும் கியெட் எழுந்தான். தலைவன் என்பதால் எல்லா மெஷினுக்கும் பாஸ்வேர்டு அவனிடம் இருந்தது. லோவானின் மெஷினில் பழசை அழித்துவிட்டுப் புதுசை ஏற்றினான். கையோடு வின்னின் மெஷினிலும்.

விளக்குப் போட்டதும் லோவான் தன் திரையைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து வின்னிடம் போனாள். அவன் கீபோர்டில் விரல்களை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"என்ன அண்ணே, ஓடலையா?" என்று கேட்டான் கியெட்.

"ஓடுது... தலைதான் வலிக்குது. நான் வீட்டுக்குக் கிளம்பறேன்."

வின் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மற்றவர்கள் காபி குடிக்கக் கீழே இறங்கினார்கள். அதற்காகவே காத்திருந்தவள் போல லோவான் கியெட் எதிரில் வந்து நின்றாள்.

"எங்களைக் கேக்காம எப்படித் தொட்டே?"

"நாலு மாசமா கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்? உங்க ஒருத்தரால அத்தனை பேர் வேலையும் கெடணுமா? உங்களை வேற குழுவுக்கு மாத்துங்கன்னு மேனேஜர்கிட்ட சொல்லப் போறேன்."

"சொல்லு. நான் போறேன். வின் மெஷின்ல மட்டும் பழசைத் திருப்பிப் போட்டுடு."

"அவருக்கு எதுக்குப் பழசு?"

லோவான் வின்னின் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்படி என்னதான் இருக்கிறது அதில்? கியெட் விறுவிறுவென்று போய் வின்னின் நாற்காலியில் உட்கார்ந்தான். பழைய வெர்ஷனைத் திரும்ப ஏற்றினான். மேசையில் இயர்போன் கிடந்தது. வின் எப்போதும் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பதாகத்தான் எல்லோருக்கும் நினைப்பு. கியெட் அதை எடுத்துக் காதில் மாட்டினான்.

பாட்டு வரவில்லை. கீயை அழுத்த அழுத்த, ஒரு குரல் திரையில் இருந்ததை வரிவரியாக வாசித்தது. அடைப்புக்குறி, புள்ளி, எண் எதையும் அது விடவில்லை.

கியெட் இயர்போனைக் கழற்றினான். அவன் குரல் இறங்கிப் போயிருந்தது.

"எப்பலேர்ந்து அக்கா?"

"வருஷம் ஆகப் போகுது. பார்வை மங்கிக்கிட்டே வருதாம். வைத்தியம் நடக்குது. இந்த வாசிச்சுக் காட்டுறது புதுசுல இன்னும் வேலை செய்யலை. அடுத்த மாசம் அவனுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கணும். வீட்டுல ரெண்டு பிள்ளைங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டான்."

கியெட் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். பழசில் எழுதியதைத் தானாகவே புதுசுக்கு மாற்றிச் சேர்க்கும்படி ஒரு சின்னப் புரோகிராம் எழுத ஆரம்பித்தான். சாயந்திரத்துக்குள் அது ஓடியது. திரையில் ஒரு சிவப்பு எழுத்துகூட இல்லை. திட்டித் தீர்த்த நேரத்தில் இதை எப்போதோ செய்திருக்கலாம் என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

வின்னுக்குப் போன் போட்டான். "அண்ணே, பழசையே போட்டுட்டேன். உங்க பகுதி இப்போ எங்களோட ஒழுங்கா சேருது. தலைவலி விட்டதும் வாங்க, போதும்."

லோவான் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கியெட் படிக்கட்டு வரைக்கும் கூடவே போனான்.

"ஒண்ணு கேக்கறேன் அக்கா. பழசு அவருக்குத்தானே வேணும்? நீங்க மாறியிருக்கலாமே. உங்களுக்கு நிஜமாவே புதுசு வரலையா?"

லோவான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

"வீட்டுல நான் நாலு மாசமா புதுசுலதான் எழுதறேன் தம்பி. இங்க அவன் ஒருத்தன் மட்டும் பழசுல இருந்தா, ஏன் ஏன்னு அவனைத்தானே குடைவீங்க? ரெண்டு பேரா இருந்தா, வயசான அக்காவைப் பார்த்துச் சிரிச்சுட்டு விட்டுடுவீங்க."