தாடை விடாத திருகாணி

"எமனே குறடோட வந்து இழுத்தாலும் சரி, நெருப்பே கெஞ்சிக் கேட்டாலும் சரி, என் தாடை இந்தப் பல்லை விடாது மாப்ள!" என்று வாயை அகலத் திறந்து காட்டுவார் அருணகிரி. அந்தக் கட்டுப்பல்லைத் தாங்கும் டைட்டானியம் திருகாணி தாடைக்குள் இறங்கிய அன்று, உடம்பின் காவல்படை மொத்தமும் திரண்டு வந்து, மோந்து பார்த்து, நம்மாளுதான் என்று எலும்பாலேயே அதற்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டதாம்.

"அளக்காதீங்க அத்தான்" என்பான் மச்சினன் நீலமேகம். அவன் அக்கா மங்கையர்க்கரசி சிரித்துக்கொண்டே போவாள்.

பிற்பாடு அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிப்போக, தன்னுடையதில் ஒன்றை அவள் கொடுத்தாள். அதே காவல்படை அதைப் பகையாளி என்று பாய்ந்து பிடித்துக்கொண்டது. மாத்திரையை மலையாகக் கொட்டியும் அடங்கவில்லை. உடம்பெல்லாம் வீங்கிக் கிடந்தவர், "கோவிச்சுக்காத மங்கை, நீயும் நம்மாளுதான்னு சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்கறானுங்க" என்றார். அதுதான் அவர் கடைசியாக அளந்தது.

எலும்பு பொறுக்கி ஆற்றில் கரைத்துவிட்டு வந்த நீலமேகம், ஈர வேட்டியோடு வாசலிலேயே நின்றான்.

"அந்தப் பல்லு என்னடா ஆச்சு?" என்று கேட்டாள் மங்கை. அவள் கை இடுப்புத் தழும்பின் மேல் இருந்தது.

அவன் வேட்டி முனையைப் பிழிந்தான்.

"பல்லெல்லாம் சாம்பலாயிடுச்சுக்கா. அந்தத் திருகாணியை மட்டும் ஒரு துண்டு எலும்பு கவ்விக்கிட்டிருந்துச்சு. பிடுங்கிப் பாத்தேன். அத்தான் சொன்னது நெசந்தான், விடல."